மாமாவின் தொடை அளவில் ஓர் உறை

தோலில் போட்ட ஓட்டை மூடாது. துணியாக இருந்தால் தையலைப் பிரித்துவிட்டு நகத்தால் நாலு முறை நீவினால் போதும், இழைகள் மறுபடி கூடிக்கொள்ளும். தோலில் ஊசி தவறான இடத்தில் இறங்கினால் இறங்கியதுதான். என் அக்கா பதினெட்டு வருடமாக இந்த ஒரு விஷயத்தோடு குடும்பம் நடத்துகிறாள். அதனால் எதையும் சட்டென்று முடிவு செய்யமாட்டாள். வெங்காயம் வாங்கப் போனால் கடைக்காரர் முகம் சுருங்கும்வரை புரட்டுவாள். மாமாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பும் ஏழு மாதம் யோசித்தாளாம். “அவ்வளவு யோசிச்சும் இவர்தான் வந்தார்” என்பாள், அவர் காதில் விழும்படி.

தையல் மெஷின் விஷயத்திலும் அவள் ஆற அமரத்தான் யோசித்தாள். இன்றுவரை அவளுக்குப் பொறுக்காமல் இருப்பது அதுதான்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைப்பார்கள். வெள்ளை வெளேரென்று ஐந்தாறு தொடைகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். எல்லாம் மாவுக்கட்டு அச்சுகள். ஊருக்கு வெளியே செயற்கைக் கால் செய்யும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே செய்கிற காலை மிச்சமிருக்கும் தொடையோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கத் தோலில் ஓர் உறை வேண்டும். அவரவர் தொடையில் அச்செடுத்து, வயதும் தொழிலும் எழுதிய சீட்டை ஒட்டி, அக்காவிடம் அனுப்புவார்கள். அக்கா தடித்த தோலை ஊறவைத்து, அச்சின் மேல் இழுத்துக் கட்டி, இரண்டு நாள் காயவிடுவாள். காய்ந்து எடுக்கும்போது தோல் அந்தத் தொடையை மனப்பாடம் செய்திருக்கும். பிறகு உள்பக்கம் மெல்லிய தோலை ஒட்டி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சுற்றித் தைப்பாள். முன்பக்கம் நாடா போட்டு இறுக்க ஒரு பிளவு. அவ்வளவுதான் உறை.

இந்த வேலைக்கு அவளை யாரும் பழக்கவில்லை. பத்தொன்பது வயதில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே மெஷின்கள் மேல்மாடியில். கையால் தைப்பவர்கள் கீழே. மேலே போகிறவர்களுக்குச் சம்பளம் அதிகம். ஆனால் மெஷின் சத்தத்தில் தலைவலி வருகிறது என்று அக்கா கீழேயே இருந்துவிட்டாள். இரண்டு வருடம் மாடிப்படி ஏறியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அவளே பிறகு நூறு தடவை சொன்னாள்.

கையால் தைப்பதென்றால் இரட்டை ஊசி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. பிறகு இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். ஓர் உறைக்கு முந்நூறு ஓட்டை. முந்நூறு ஓட்டைக்கு அறுநூறு இழுப்பு. போன மழைக்காலத்தில் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கத் தொடங்கியது. டீ டம்ளரை நாலு விரலால் பிடித்தாள். ஒரு நாள் பேனா மூடியைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். யாரிடமும் எதையும் நீட்டாதவள்.

கை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஊசி கோக்கலாம், கத்தி பிடிக்கலாம். நூலை இழுக்கறதை மட்டும் நிறுத்திடுங்க.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“இனிமே.”

அக்கா சிரித்தாள். “தையல்ல இழுக்கறதைத் தவிர என்ன இருக்கு டாக்டர்?”

“அதுக்குத்தானே மெஷின் இருக்கு. ஒண்ணு வாங்குங்க.”

மருந்துச் சீட்டில் அதையும் எழுதிக்கொடுப்பார் போலச் சுலபமாகச் சொன்னார்.

அதே வாரம் கால் மாஸ்டர் வந்தார். கால் செய்யும் கூடத்தை நடத்துகிறவர் அவர்தான். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உறை கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கத் தையல்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுவார். எங்காவது நெருடினால் பேச்சே கிடையாது, திருப்பிக் கொடுத்துவிடுவார். அக்காவின் உறையை அவர் ஐந்து வருடமாகத் திருப்பியதில்லை.

“அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஆறு பேர் வர்றாங்கம்மா, காலை மாட்டி நடந்து பார்க்க. நாலு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க. ஆறு உறை வேணும். உங்க விரலைப் பத்திக் கேள்விப்பட்டேன். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. பிளாஸ்டிக் உறைக்காரங்க ரெண்டு வருஷமா வந்து வந்து போறாங்க. ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டோம்னா அப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டோம். மிரட்டறேன்னு நெனைக்காதீங்க, நடக்கப் போறதைச் சொல்றேன்.”

“முடியும்” என்றாள் அக்கா, வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

மாமா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று கட்டம் போட்டு எழுதுவது அவர் உத்தியோகம். உலகத்தில் எதையும் கட்டம் போட்டால் சரிசெய்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஒரு நோட்டில் எட்டுக் கட்டம் போட்டார்: மோட்டார், வேகம், ஊசி அளவு, சத்தம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மார்க். அக்கா வெட்டு மிச்சத் தோல் துண்டுகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டாள்: தடித்தது, மெல்லியது, இரண்டும் ஒட்டியது. எந்த மெஷினானாலும் தன் தோலைத் தன் கண்ணெதிரே தைத்துக் காட்ட வேண்டும் என்பது அவள் கணக்கு.

நான்கு கடை ஏறினோம். நான்கிலும் ஒரே கூத்து. கேள்வி அக்காவிடமிருந்து போகும், பதில் மாமாவுக்கு வரும்.

“இது எவ்வளவு தடிமன் வரைக்கும் தைக்கும்?” என்பாள் அக்கா.

“பத்து மில்லி தாராளமாப் போகும் சார்” என்பார் கடைக்காரர்.

“கீழ்நூல் இறுக்கத்தை எங்க மாத்தறது?”

“அது ஒண்ணும் கவலைப்பட வேண்டாம் சார், நாங்களே செட் பண்ணிக் கொடுத்துடுவோம்.”

மாமாவும் ஏதோ பரம்பரையாகத் தோல் தைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர் மாதிரித் தலையாட்டுவார். சட்டைப் பொத்தான் அறுந்தால் நூலைக் கோக்க என்னிடம் வருகிறவர்.

“அந்தாளுகிட்ட நான் ஒண்ணு கேட்டா அவன் உங்களுக்கு ஏன் சொல்றான்?” வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள்.

“என்னைப் பார்த்தா வெவரமான ஆளாத் தெரியுது போல.”

“தோசை திருப்பத் தெரியாது, வெவரம்!”

ஐந்தாவது கடை பெரியது. அதன் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலேயே வைத்திருந்தார்; கண்ணுக்கு இறக்கி நான் பார்க்கவில்லை. அவரும் மாமாவிடம்தான் பேசினார். ஆனால் மெஷின் நன்றாக இருந்தது. அகலமான மேஜை, அதன் நடுவே மெஷின் படுத்திருந்தது. தோலை அமுக்கிப் பிடிக்கிற மேல் பாதமும் கீழ்ப் பல்லும் ஊசியும் சேர்ந்து தோலை நடத்திக்கொண்டு போயின. அக்கா கொடுத்த துண்டுகளில் சீராக, அரிசியை வரிசையில் பதித்தது மாதிரித் தையல் விழுந்தது. மூன்று மடிப்புக் கொடுத்தாள், ஏறி இறங்கிப் போனது. அக்கா துண்டைத் திருப்பிக் கீழ்ப்பக்கம் பார்த்தாள், நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மாமாவின் நோட்டில் எண்பதுக்கு எழுபத்தொன்று.

“என்ன தைக்கப் போறீங்க சார்?” என்று நெற்றிக்கண்ணாடி கேட்டார்.

“தோல்” என்றார் மாமா, கம்பீரமாக.

அக்கா மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் சரி என்றாள்.

மெஷின் சின்ன லாரியில் வந்தது. மேஜை வாசலில் நுழையாமல் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஜன்னலோரம் போட்டதும் கூடத்தில் பாதி போய்விட்டது. டிவி பார்க்க மாமா மெஷினைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார வேண்டும். அன்று மத்தியானம் அக்கா கால் கூடத்துக்கான வார்களைத் தைத்தாள். நீளமான தட்டைப் பட்டைகள். ஒன்றரை நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அவள் தன் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நிமிர்த்தி, “என்னடா, சும்மா இருக்கியா?” என்று கேட்டாள். அவள் விளையாட்டாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை முதல் உறையை எடுத்தாள். சீட்டில் ‘வயது நாற்பத்தாறு, தபால்காரர்’ என்றிருந்தது. தோல் காய்ந்து, உள்தோல் ஒட்டித் தயாராக இருந்தது. பாதத்தைத் தூக்கி, விளிம்பை அடியில் செருகப் போனாள்.

போகவில்லை.

உறை ஒரு வளைந்த குழல். மேஜை ஒரு பலகை. விளிம்பு ஊசிக்குக் கீழே வர வேண்டுமென்றால் குழலின் மற்றப் பாதி மேஜைக்குள் புதைய வேண்டும். அக்கா உறையைத் திருப்பினாள். கவிழ்த்தாள். நிமிர்த்தினாள். எழுந்து மெஷினின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள், அங்கிருந்து பார்த்தால் வழி தெரியும் என்பதுபோல. இருபது நிமிடம் இப்படியே போனது. பிறகு மாமா வாய் திறந்தார்.

“பிளவு இருக்கு இல்ல, அதை விரிச்சு ஒரு அமுக்கு அமுக்கிப் பிடிச்சா?”

அக்கா அமுக்கினாள். ‘டொக்’ என்று சின்னச் சத்தம். தபால்காரரின் தொடை வளைவில், சரியாக நடுவே, தோலின் மேல்பரப்பு மயிரிழையாய்ப் பிளந்திருந்தது.

அவள் கத்தவில்லை. உறையை மடியில் வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நான் துண்டைத்தானே எடுத்துட்டுப் போனேன்.”

அதுதான் நடந்தது. வெட்டு மிச்சம் எப்போதும் தட்டையாகத்தான் இருக்கும். வளைத்துக் காயவைத்த தோலில் மிச்சமென்று எதுவும் விழாது. முழு உறையாக நிற்கும், யாராவது ஒருவருடைய அளவில். அதில் சோதனைக்கு ஊசி குத்த அவளுக்குக் கை வராது. ஓட்டைக்குப் பயந்த பயத்தில் ஐந்து கடையிலும் துண்டையே நீட்டினாள். ஐந்து கடையிலும் துண்டு நன்றாகத் தைத்தது. கையால் தைத்த காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. உறையை முட்டிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு அவள்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மெஷின் சுற்றிவராது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அவன் சொல்லியிருக்கணும்” என்றார் மாமா.

“அவன்தான் கேட்டானே, என்ன தைக்கப் போறீங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க?”

மாமா யோசித்தார். “தோல்னு சொன்னேன்.”

“தோல்! அவனுக்குத் தெரியாது பாருங்க. ஆட்டுக்குட்டியைக் கொண்டாந்து தைக்கப் போறோம்னு நெனச்சிருப்பான்.” என் பக்கம் திரும்பினாள். “நீயும் கூடத்தானேடா வந்தே? எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பியே, வாயில என்ன, நூலா இருக்கு?”

கத்தியை எடுத்து அந்த உறையை நாலு துண்டாக வெட்டிப் பையில் போட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கோபத்தில் தோலை வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, பதினைந்து நாளுக்குள், அதே கடையில், வேறு மெஷினாக ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். மாமா கண்டுபிடித்துப் படித்துக் காட்டினார். நான்கு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

“ஒரே ஒரு தடவை” என்று அக்கா திருப்பிச் சொன்னாள். “அதுலயும் தப்புப் பண்ணினா?”

அதிலும் தப்பு நடந்தால் கடைசி வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், பிளாஸ்டிக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள், அலமாரி காலியாகிவிடும்.

நடுவில் ஒரு நாள் மாமா நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். அக்கா ஊசியை மட்டும் கோக்கட்டும், இழுக்கிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“ம், இழுங்க.”

இழுத்தார். நூல் அறுந்தது.

“கயிறு இழுக்கற போட்டிக்கா வந்திருக்கீங்க? பூ கட்டற மாதிரி இழுங்க.”

பூ கட்டுகிற மாதிரி இழுத்தார். தையல் தொளதொளவென்று நின்றது. பதினான்கு ஓட்டை தாண்டுவதற்குள் டிப்போவில் எத்தனை வண்டி லேட்டாகப் போகும் என்ற கவலையில் அவர் எழுந்துவிட்டார். போட்டதையெல்லாம் அக்கா பிரித்தாள்.

அப்புறம்தான் அவள் முடிவெடுத்தாள். கடைக்கு நிஜமான உறையோடு போக வேண்டும்; எத்தனை ஓட்டை விழுந்தாலும் மனசு பதறாத உறையாக அது இருக்க வேண்டும். வெட்டிப்போட்ட தபால்காரரின் உறை இருந்திருந்தால் போதும். அதை நினைத்து நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆறு அச்சுகளிலும் அப்போது தோல் கட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பார்வை அறையைச் சுற்றி வந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் மேல் நின்றது.

“என்னங்க, பேண்ட்டைக் கழட்டிட்டு அரை டிராயர் போட்டுட்டு வாங்க.”

“எதுக்கு?”

“உங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. உங்க அளவுல செஞ்ச உறை யாருக்கும் வேண்டியிருக்காது.”

பிளாஸ்டிக் நாற்காலியில் மாமாவை உட்காரவைத்து வலது தொடையில் மாவுக்கட்டுச் சுற்றினாள். ஈரமாக இருந்தவரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இறுகத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. எண்ணெய் தடவ மறந்துபோன இடங்களில் மயிர் மாவோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது. கழற்றும்போது அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார்.

“ஒண்ணுமில்லீங்க, இவருக்கு அளவெடுக்கறேன்” என்றாள் அக்கா.

அந்த அம்மா அலமாரியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், “அய்யய்யோ, எப்போ ஆச்சு?” என்றார்.

அச்சு வார்த்து, தோல் கட்டி, காய்ந்து எடுக்க நான்கு நாள். உள்தோலும் ஒட்டினாள். அழகான உறை, யாருக்கும் இல்லாத உறை. ஒன்பதாவது நாள், பத்தாவது நாள் என்று எண்ணிக்கொண்டே வந்து பதினோராவது நாள் கடைக்குப் போனோம்.

நெற்றிக்கண்ணாடி முகத்தைச் சுளிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. “முன்னாடியே சொல்லியிருந்தா சிலிண்டர் மெஷினையே காட்டியிருப்பேனே சார்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். அந்த மெஷினில் மேஜை இல்லை. உருளையாக ஓர் இரும்புக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா மாமாவின் உறையை அந்தக் கையில் மாட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது. மிதியை அழுத்தினாள். மேல் விளிம்பு முழுவதும் ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினாள், கால் மாஸ்டரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு. நெருடவில்லை. மாமா நோட்டைத் திறந்து எழுபத்தாறு போட்டார். நெற்றிக்கண்ணாடி பில் புத்தகத்தைத் திறந்தார்.

அக்கா உறையை மெஷினிலிருந்து உருவினாள். கை இரண்டையும் காலியாக வைத்துக்கொள்ள அதை வழக்கம்போல முழங்கையில் மாட்டிக்கொண்டாள். அது நிற்காமல் சரிந்து தோள்வரை போய்த் தொங்கியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எழுதாதீங்க” என்றாள்.

“என்ன சார்?” என்றார் அவர்.

“குழந்தைங்க உறை என் முழங்கைக்குக் கீழே கச்சிதமா நிக்கும். அப்படித்தான் எப்பவும் கொண்டுபோவேன்.” அவள் மெஷினின் இரும்புக் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டி வைத்தாள். இரும்புக் கை ஒன்றரை மடங்கு பருமனாக இருந்தது. “இதுல ஏழு வயசுப் பொண்ணோட உறை எப்படிப் போகும்? இவர் தொடையை வெச்சுப் பார்த்தா எல்லாமேதான் உள்ள போகும். பஸ்ஸே போகும்.”

மாமா தன் தொடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“சின்ன கை வெச்ச மெஷின் இருக்கா?”

“இதைவிடச் சின்னது வரவழைக்கணும் சார், ரெண்டு மாசம் ஆகும்.”

அக்கா கடையைச் சுற்றினாள். ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் போய்க் கையை நீட்டிப் பார்த்தாள், வளையல் கடையில் அளவு பார்ப்பதுபோல. வாசலுக்கருகே, அடித்தட்டில், கறுப்பாக ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். மோட்டார் இல்லை, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அதன் இரும்புக் கை நீளமாக, இரண்டு விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்தது.

“மேடம், அது செருப்பு ரிப்பேர் மெஷின்” என்றார் நெற்றிக்கண்ணாடி. அவர் அக்காவைப் பார்த்துப் பேசியது அதுவே முதல் தடவை.

“தெரியுதுங்க. குடையை எடுங்க.”

நிற்கவைத்து நூல் கோத்தார்கள். பாதம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. உறையைத் திருப்பாமலே ஊசி அதைச் சுற்றிவரும். ஆனால் தையல்! மேலே சுமார், கீழே தொளதொள. பாதத்தின் பற்கள் தோலில் எலி கடித்த மாதிரித் தடம் பதித்தன. வார்ப்பு இரும்பின் பிசிறில் நூல் மாட்டி இரண்டு தடவை அறுந்தது. அக்காவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“ஒண்ணு நல்லா தைக்குது, உள்ள போக மாட்டேங்குது. ஒண்ணு உள்ள போகுது, தைக்க மாட்டேங்குது. ஒழுங்கா ஒண்ணு செய்ய ஒருத்தனுக்கும் தோணாதா?”

“பெரிசையே வாங்கிக்கோ. குழந்தைங்க உறையை வேற யாராவது பார்த்துக்கட்டும்” என்றார் மாமா.

“வேற யாருங்க?”

மாமாவிடம் அதற்குக் கட்டம் இல்லை.

அவள் மறுபடி அந்தக் கறுப்பு மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருகினாள். சக்கரத்தைச் சுற்றினாள். உள்ளங்கையும் தோளும் சுற்றின. கட்டைவிரலுக்கு வேலை இல்லை. கீழ்த்தையல் கொஞ்சம் இறுகியது. இன்னும் கால் சுற்று. இன்னும் கொஞ்சம்.

“தையலை எப்படியாவது சரி பண்ணிடலாம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். “அந்த இரும்பைச் சீவி மெல்லிசாக்க முடியாது.”

பெரிய மெஷினைக் கொடுத்துவிட்டு அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தோம். விலை வித்தியாசத்தைப் பணமாகத் தரமாட்டேன் என்று நெற்றிக்கண்ணாடி நூலும் ஊசியுமாகக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் நூல்கண்டு விழுகிறது. மாமா நோட்டில் அந்த மெஷினுக்கு முப்பத்திரண்டு போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, நோட்டை மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு நாள் அக்கா தைக்கவே இல்லை. மெல்லிய அரத்தை வைத்துப் பிசிறுகளைத் தேய்த்தாள். பாதத்தின் பற்களுக்கு அடியில் மெல்லிய தோலை வெட்டி ஒட்டினாள், எலிக்கடி நின்றது. மாமாவின் உறையில் வரிவரியாகத் தைத்துப் பழகினாள். பழகிய பிறகு புதுத் தொல்லை: கீழ்நூல் சுற்றும் பாபின் சுண்டைக்காய் அளவு. பெரியவர்கள் உறையில் ஒரு சுற்று முடிவதற்குள் நூல் தீர்ந்துவிடும். “ஒரு முழு சுற்று வரத் துப்பில்லை உனக்கு” என்று மெஷினைத் திட்டிக்கொண்டே பாபினை மாற்றுவாள். தபால்காரருக்கு மறுபடி தோல் ஊறவைத்துக் காயவைத்திருந்தாள். அவருடையது கடைசியாக, வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு உறையை நான் பையில் தூக்கிக்கொண்டேன். குழந்தைகளுடைய இரண்டையும் அக்கா முழங்கைக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கால் கூடத்துத் தாழ்வாரத்துப் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் உறை, இரண்டாவது, மூன்றாவது. குழந்தைகளுடைய இரண்டிலும் விரலை இரண்டு தடவை ஓட்டினார். ஓரமாக வைத்தார். ஆறாவதில் விரல் பாதிச் சுற்றில் நின்றது. திரும்பப் போய், மறுபடி அங்கேயே நின்றது.

“இங்க ஒண்ணு உறுத்துதே.”

அக்கா குனிந்து பார்த்தாள். பாபின் தீர்ந்து புது நூல் சேர்ந்த இடம். கடுகளவு முடிச்சு, தொடையின் உட்பக்கம், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தேய்கிற இடத்தில். தபால்காரருடையது.

“பிரிச்சுத் தெச்சா ஓட்டை ரெண்டாயிடும்” என்றாள்.

“தெரியும். இன்னிக்கு இதுலயே பஞ்சு வெச்சு நடக்கவிடறேன். செவ்வாய்க்கிழமை வேற ஒண்ணு கொண்டாந்துடுங்க.” உறையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மெஷின் தையல்னு விரலுக்குத் தெரியலை. அடுத்த மாசம் ஏழு உறை வேணும்.”

வேலை கையைவிட்டுப் போகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அஞ்சு வருஷம்டா. ஒண்ணுகூட உறுத்துதுன்னு சொன்னதில்லை” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தபால்காரரின் அச்சுக்கு மூன்றாவது தடவையாகத் தோல் ஊறப் போட்டாள். பிறகு மாமாவின் உறையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் நூல் எந்த இடத்தில் தீர்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் புள்ளி வைத்தாள். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தால் முடிச்சு முன்பிளவில் போய் விழும், எந்தப் பக்கமிருந்தால் உட்தொடையில் விழும் என்று விரலால் எண்ணிக்கொண்டே போனாள். உறையின் மேல் விளிம்பிலிருந்து கால்வாசிவரை வரிவரியாக ஓட்டைகள்.

டிப்போவிலிருந்து வந்த மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“அதுல இன்னும் தைக்க எடம் இருக்கா?”

“இருக்கு” என்றாள் அக்கா, தலை நிமிராமல். “தீர்ந்தா உங்களுக்கு இன்னொரு கால் இருக்கே.”